பணயக் கைதிகள் வீடு திரும்பியதும் இஸ்ரேல் சமூகத்தின் காயம் ஆறிவிடுமா?

உடனே ஆறாது. 2023 அக்டோபர் 7 அன்று ஹமாஸ் நடத்திய தாக்குதலில் 251 பேர் காசாவுக்குக் கடத்தப்பட்டார்கள், உயிரோடு இருந்த கடைசி 20 பேர் 2025 அக்டோபர் 13 அன்றுதான் திரும்பினார்கள். சிறைப்பட்டவரை மீட்பது யூத மதத்தில் பெரிய கடமை, அதனால்தான் முன்பின் தெரியாதவர்கள்கூட கைதிகளை மீட்கக் கோரும் மஞ்சள் ரிப்பன் குத்திக்கொண்டு டெல் அவிவ் கலை அருங்காட்சியகத்தின் முன் வாராவாரம் கூடினார்கள். அங்கே நீளமான விருந்து மேசை போட்டு, வராதவர்களுக்காக நாற்காலிகளைக் காலியாக வைத்திருந்தார்கள்.

என்னை மிகவும் தொட்டது வேறொன்று. 2023 நவம்பரில் குழந்தைகள் விடுவிக்கப்பட்டபோது, அழைத்துவரப் போன ராணுவ வீரர்களுக்கு ஒரு வழிகாட்டுதல் கொடுத்தார்கள்: முதலில் உன் பெயரைச் சொல், கேட்காமல் தொடாதே, "அம்மா எங்கே?" என்று பிள்ளை கேட்டால் நீ பதில் சொல்லாதே, தெரிந்தவர்களிடம் கூட்டிப்போகிறேன் என்று சொல். ஏனென்றால் சில பிள்ளைகளுக்கு அம்மாவோ அப்பாவோ உயிரோடு இல்லை.

சரி, ஒற்றுமை? முழுதாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். போரைத் தொடர்வதா, ஹமாஸுடன் பேரம் பேசிக் கைதிகளை மீட்பதா என்று நாடே பிளந்து கிடந்தது. காசா எல்லைக்குப் பக்கத்தில் இருக்கும் நீர் ஓஸ் என்ற கிப்புட்ஸில் (கூட்டு வாழ்க்கைச் சிற்றூர்) நாலில் ஒருவர் கொல்லப்பட்டார் அல்லது கடத்தப்பட்டார். திரும்பி வந்தவர்களில் பலருக்குத் திரும்பிப் போக வீடே இருக்கவில்லை, தெருவில் பாதி எரிந்து போயிருந்தது.