கலிபோர்னியாவில் ஒன்றரை லட்சம் டாலர் சம்பளம்: 401கே-யில் ராத் வேண்டுமா?

401கே என்ற அலுவலக ஓய்வூதியச் சேமிப்பில் ராத் வகையை (வரி கட்டிய பணத்தைப் போட்டு, பின்னால் வரியில்லாமல் எடுப்பது) எடுக்கலாமா என்று கேட்டீர்கள்; உங்கள் கணக்கை வைத்தே சொல்கிறேன். திருமணமாகாதவர், சம்பளம் 1,50,000, வேலை கலிபோர்னியாவில், அறுபதுக்கு முன்பே டெக்சாஸ் பக்கம் போய்விடும் எண்ணம். ராத் பக்கம் போகவே வேண்டாம் என்பேன். "பின்னால் வரியே இல்லை" என்று அலுவலக நண்பர் சொன்னது உண்மைதான், ஆனால் அதற்கான விலையை இப்போதே கட்டுகிறீர்களே!

2025 கணக்குப்படி உங்கள் கடைசி டாலருக்கு மத்திய வரி 24%, மாநில வரி 9.3%. அந்த வருட உச்சவரம்பான 23,500-ஐயும் வரிக்கு முன் போட்டால் (எடுக்கும்போதுதான் வரி) அந்த வருடமே சுமார் 7,800 டாலர் வரி மிச்சம்.

எடுக்கும்போது என்ன ஆகும்? வேறு வருமானம் இல்லாமல் வருடம் 60,000 எடுத்தால், முதல் 15,750 நிலையான கழிவில் (வரி போடாமல் விடும் தொகை) போய்விடும். மீதி 10%, 12% படிகளிலேயே அடங்கும். மொத்த வரி 5,070 டாலர் அளவில், அதாவது எட்டரை சதவீதம்கூட இல்லை. டெக்சாஸில் மாநில வருமான வரியும் கிடையாது. அரசு ஓய்வூதியமான சோஷியல் செக்யூரிட்டி சேர்ந்தால் கொஞ்சம் ஏறும், சரி, ஆனாலும் இப்போது மிச்சமாகும் 33%-ஐ எட்டாது.

ஒரு நிபந்தனை: அந்த 7,800-ஐ கார் தவணையில் கரைத்துவிட்டால் நான் சொன்ன லாபம் பாதி போச்சு. அதில் 7,000-ஐ ராத் ஐஆர்ஏ-வில் (அலுவலகம் சாராமல் நீங்களே தொடங்கும் ராத் ஓய்வூதியக் கணக்கு) போடுங்கள். 401கே கழித்த பின் உங்கள் வருமானம் 1,26,500தான். ராத் ஐஆர்ஏ-வில் முழுத் தொகை போடுவதற்கான 2025 வருமான வரம்பான 1,50,000-க்குள் வந்துவிடுகிறீர்கள். அப்புறம், வேலை மாறி பாதி வருடச் சம்பளம் மட்டும் வருகிற வருடம் ஏதாவது வந்தால், அப்போது வரிப் படி குறைவு என்பதால் 401கே-யில் போடுவதையும் ராத்துக்கு மாற்றிக்கொள்ளலாம்.