பெரிய உருளை பொருத்தினால் காற்றுத் துப்பாக்கியின் வேகம் கூடுமா?

கேள்வி: வணக்கம். என்னிடம் குரோஸ்மன் 2240 வகைக் காற்றுக் கைத்துப்பாக்கி இருக்கிறது. 12 கிராம் கரியமில வாயுக் குப்பியில் இயங்குவது. சுமார் நாற்பது முறை சுட்டதும் குப்பி தீர்ந்துவிடுகிறது. இதில் 88 கிராம் உருளையையோ, பெயின்ட்பால் விளையாட்டில் பயன்படும் பெரிய பாட்டிலையோ பொருத்த முடியுமா? பொருத்தினால் வேகமும் கூடும் என்கிறார் நண்பர். இணைப்புத் துண்டைக் கடைந்து தர லேத் பட்டறைக்காரர் ஒருவரும் தயாராக இருக்கிறார்.
– வாசகர், ஸ்கார்பரோ, கனடா

பதில்: பொருத்த முடியும். ஆனால் உருளை பெரிதானால் வேகம் கூடும் என்பது சரியல்ல. குப்பிக்குள் இருப்பதில் பெரும்பகுதி திரவ நிலையில் உள்ள கரியமில வாயு. அதன் மேல் சிறிதளவு ஆவி இருக்கும். திரவமும் ஆவியும் சேர்ந்திருக்கும் வரை உள்ளே நிலவும் அழுத்தத்தை வெப்பநிலைதான் தீர்மானிக்கிறது. 0 பாகை செல்சியஸில் அது சுமார் 35 பார் (ஒரு பார் என்பது ஏறக்குறைய நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்), 20 பாகையில் சுமார் 57 பார், 30 பாகையில் சுமார் 72 பார். 12 கிராம் குப்பியும் 88 கிராம் உருளையும் ஒரே அறையில், ஒரே வெப்பநிலையில் இருந்தால் இரண்டிலும் ஒரே அழுத்தம்தான். பெரிய உருளையால் உங்களுக்குக் கூடுவது சுடும் எண்ணிக்கை. கணக்குப்படி ஏழு மடங்குக்குச் சற்று மேல்.

எண்ணிக்கையைத் தவிர இன்னொரு நன்மையும் உண்டு. என் கருத்தில் அதுவே பெரிய நன்மை. ஒவ்வொரு முறை சுடும்போதும் வெளியேறிய ஆவியை ஈடுகட்டத் திரவத்தில் ஒரு பகுதி ஆவியாகிறது. அதற்குத் தேவையான வெப்பத்தை அது தன்னிடமிருந்தும் குப்பியின் சுவரிலிருந்தும் எடுத்துக்கொள்வதால், மண்பானைத் தண்ணீர் குளிர்வதைப் போலக் குப்பியும் குளிர்கிறது. குளிர்ந்தால் அழுத்தம் இறங்கும், பெல்லட் எனப்படும் சிறு குண்டு தாழ்ந்து விழும். இடைவெளி விடாமல் பத்து முறை சுட்டால் 12 கிராம் குப்பியில் இந்த இறக்கம் இலக்குத் தாளிலேயே தெரியும். 88 கிராம் உருளையில் திரவமும் உலோகமும் அதிகம் என்பதால் அதே பத்துச் சுடுதல்கள் அதை அவ்வளவு குளிர்விப்பதில்லை. உங்கள் ஊரின் குளிர்காலத்தில், சூடேற்றாத கார் நிறுத்துமிடத்தில் சுட்டால் மட்டும் எந்த உருளையும் உதவாது.

இனி இணைப்பைப் பற்றிச் சொல்கிறேன். உங்கள் துப்பாக்கியில் குப்பி, சுடுகுழலுக்குக் கீழே உள்ள உலோகக் குழாய்க்குள் படுத்திருக்கிறது. குப்பியின் வாய் வால்வின் முகத்தில் உள்ள சீலில் அழுந்தியிருப்பதால் அழுத்தம் குப்பிக்குள்ளேயே நிற்கிறது. வெளிக் குழாய் குப்பியைப் பிடித்துக்கொண்டிருக்கும் உறையாக மட்டுமே வேலை செய்கிறது. கடைசி மூடியைக் கழற்றிவிட்டு அங்கே ஓர் இணைப்பைத் திருகிப் பாட்டிலை மாட்டும் முறையில், வாயு அந்தக் குழாய் முழுவதையும் நிரப்புகிறது. அதுவரை உறையாக இருந்த குழாய், அந்தக் கணத்திலிருந்து அழுத்தக் கலனாகிவிடுகிறது. 12 கிராம் குப்பி நுழையும் குழாய்க்கு உள்விட்டம் சுமார் 19 மில்லிமீட்டர் இருக்கும். 57 பாரில் அந்தக் குழாயின் ஒவ்வொரு முனையிலும் விழும் தள்ளுவிசை ஏறக்குறைய 165 கிலோ எடைக்குச் சமம். வால்வைக் குழாயில் பிடித்திருக்கும் சிறு திருகுகளும், உங்கள் பட்டறைக்காரர் கடையப்போகும் மரைகளும் ஒவ்வொரு நாளும் தாங்க வேண்டிய சுமை இது. கை தேர்ந்தவராகவே இருந்தாலும், எந்த உலோகக் கலவை, எத்தனை மரை, எவ்வளவு தடிப்பு என்பதைக் கணக்கிட்டு, மும்மடங்கு அழுத்தத்தில் சோதிக்காமல் தரும் துண்டை உங்கள் முகத்துக்கு அருகே வைத்துக்கொள்ள வேண்டாம் என்று வற்புறுத்திக் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் மாடலுக்கென்றே தயாரித்துச் சோதித்து விற்கப்படும் இணைப்புகள் சந்தையில் கிடைக்கின்றன. அவற்றை மட்டும் வாங்குங்கள். முதலிலிருந்தே 88 கிராம் உருளைக்காக வடிவமைக்கப்பட்ட துப்பாக்கியை வாங்குவது இதைவிடவும் நல்லது.

பாட்டில் எப்படி நிற்கிறது என்பதும் முக்கியம். அதன் வாய் கீழ்நோக்கியோ படுக்கையாகவோ இருந்தால், ஆவிக்குப் பதிலாகத் திரவமே வால்வுக்குள் பாயும். அப்போது வேகம் தாறுமாறாகும். கசிவைத் தடுக்கும் ஓ-ரிங் எனும் ரப்பர் வளையங்கள் உறைந்து வெடிப்பு விடும். இதைத் தடுக்கும் வளைகுழாய் உள்ளே பொருத்திய பாட்டில்களும் உண்டு. ஆனால் அந்த வளைவு எந்தத் திசையை நோக்கி நிற்கிறது என்பதைத் துப்பாக்கியோடு பொருத்திப் பார்த்தே அமைக்க வேண்டும்.

பாட்டிலைக் கழற்றும்போதும் எச்சரிக்கை தேவை. பாட்டிலைத் திருகினால் துப்பாக்கியிலிருந்து அது கழல வேண்டும். சில வேளைகளில் வால்வு துப்பாக்கியிலேயே ஒட்டிக்கொண்டு, பாட்டில் வால்விலிருந்து கழன்றுவிடும். அப்படிக் கழன்ற பாட்டில் ராக்கெட்டாகப் பறக்கும். அமெரிக்கப் பெயின்ட்பால் களங்களில் இதனால் உயிர்கள் போயிருக்கின்றன. வால்விலும் பாட்டிலிலும் சேர்த்து ஒரே நேர்கோடாக வண்ணம் தீட்டி வைத்து, திருகும்போது அந்தக் கோடு விலகுகிறதா என்று பாருங்கள். விலகினால் அங்கேயே நிறுத்திவிட்டு, பாட்டிலைப் பயிற்சி பெற்றவரிடம் ஒப்படையுங்கள்.

நண்பர் சொன்ன வேகத்துக்கு மீண்டும் வருகிறேன், ஏனெனில் வேகம் கூடும் ஒரு வழி உண்மையிலேயே இருக்கிறது. அது உங்களைச் சட்டச் சிக்கலில் கொண்டுபோய் விடும். பெயின்ட்பால் பாட்டில்களில் கரியமில வாயுவுக்குப் பதிலாக 200 அல்லது 300 பாரில் காற்றை அடைத்தவையும் உண்டு. அவற்றின் தலையில் உள்ள ரெகுலேட்டர் பொதுவாக அதை 58 பார் அளவுக்குக் குறைத்துத் தரும். மரை ஒன்றே என்பதால் இவை கரியமில வாயுப் பாட்டிலின் இடத்தில் அப்படியே பொருந்தும். அழுத்தம் ஒன்றாக இருந்தாலும் காற்று கரியமில வாயுவைவிட இலேசானது. வால்வின் குறுகிய துளை வழியே விரைவாகப் பாயும். பெல்லட்டும் கொஞ்சம் வேகமாகக் கிளம்பும். கனடியக் குற்றவியல் சட்டம், குழல்முனை வேகம் வினாடிக்கு 152.4 மீட்டரையும் ஆற்றல் 5.7 ஜூலையும் ஒருசேரத் தாண்டுமாறு வடிவமைத்த அல்லது மாற்றியமைத்த காற்றுத் துப்பாக்கியை முழுமையான துப்பாக்கியாகவே நடத்துகிறது. உங்கள் 2240, 5.5 மில்லிமீட்டர் பெல்லட்டை வினாடிக்குச் சுமார் 140 மீட்டர் வேகத்தில் செலுத்துவது. ஆற்றல் ஏறக்குறைய 9 ஜூல். ஆற்றல் வரம்பை அது ஏற்கெனவே தாண்டிவிட்டது. உரிமம் இல்லாமல் நீங்கள் அதை வைத்திருக்க முடிவது, வேகம் மற்ற வரம்புக்குள் இருப்பதால் மட்டுமே. வினாடிக்கு 13 மீட்டர் கூடினால் அது உரிமமில்லாக் கைத்துப்பாக்கி. 2022 அக்டோபர் முதல் கைத்துப்பாக்கி வாங்குவதும் விற்பதும் அங்கே முடக்கப்பட்டிருக்கும் நிலையில், இந்த மாற்றத்தைத் தொடவே வேண்டாம். கரியமில வாயுவோடு நில்லுங்கள். எந்த மாற்றத்துக்குப் பின்பும் வேகமானியில் அளந்து பாருங்கள்.

ரெகுலேட்டர் இல்லாமல் 200 பார் காற்றை நேரே செலுத்திப் பார்க்கலாமா என்ற எண்ணமும் சிலருக்கு வருவதால் அதையும் சொல்லிவிடுகிறேன். முன்பு சொன்ன 165 கிலோ அப்போது ஏறக்குறைய 580 கிலோவாகும். அவ்வளவு அழுத்தத்தில் வால்வு இறுகிப்போய், துப்பாக்கிக்குள் வால்வைத் தட்டித் திறக்கும் சுத்தியலால் அதைத் திறக்கவே முடியாது. துப்பாக்கி சுடாமல் நிற்கும், குழாய் மட்டும் வெடிக்கும் நிலையில் இருக்கும். கரியமில வாயுவுக்காகப் போட்ட பெட்ரோலிய எண்ணெய் உள்ளே மிச்சமிருந்தால், உயரழுத்தக் காற்றில் அது தீப்பற்றவும் கூடும்.

கேள்வி: குழலை மடக்கி ஸ்பிரிங்கை இறுக்கும் 0.177 அங்குல (4.5 மில்லிமீட்டர்) ஏர் ரைபிள் வைத்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் மடக்கக் கை வலிக்கிறது. வீட்டில் 2 கிலோ கரியமில வாயுத் தீயணைப்பான் சும்மா கிடக்கிறது. அதை இதோடு இணைக்க வழி சொல்லுங்கள்.
– வாசகர், திருச்சி

பதில்: வழி இல்லை. உங்கள் ரைபிளில் வாயுவைத் தேக்கும் அறையும் இல்லை, அளந்து விடும் வால்வும் இல்லை. ஸ்பிரிங் தள்ளும் பிஸ்டன் அந்தக் கணத்தில் காற்றை அழுத்துகிறது, அவ்வளவுதான். வெளியிலிருந்து வாயு கொண்டுவர வேண்டுமானால் அதை வேறொரு துப்பாக்கியாகவே புதிதாகச் செய்ய வேண்டும்.

தீயணைப்பானுக்கும் இந்த வேலைக்கும் பொருத்தமே இல்லை. அதற்குள் அடிவரை ஒரு குழாய் இறங்கியிருக்கும்; நெருப்பின் மேல் திரவத்தையே கொட்டுவதற்காக வைத்த ஏற்பாடு அது. மேலும் 31 பாகைக்கு மேல் கரியமில வாயுவில் திரவம் என்ற நிலையே இருக்காது. அதன்பின் அழுத்தம் எவ்வளவு நிரப்பியிருக்கிறோம் என்பதைப் பொறுத்து வேகமாக ஏறும். சித்திரை வெயிலில் உங்கள் ஊரின் வீட்டு மாடியில் அந்த வரம்பு காலையிலேயே தாண்டிவிடும். அளவுக்கு மீறி நிரப்பிய உருளை வெயிலில் வெடிப்பது இதனால்தான்.

இந்தியாவில் 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி, 4.5 மில்லிமீட்டர் குழலும் 20 ஜூலுக்கு மிகாத ஆற்றலும் உள்ள காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் தேவையில்லை. மாற்றம் செய்து அந்த வரம்பைத் தாண்டினால் உரிமம் தேவைப்படும் ஆயுதமாகிவிடும். 500 மில்லிலிட்டருக்கு மேற்பட்ட வாயு உருளைகள் தனி விதிகளுக்கு உட்பட்டவை. நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு அவற்றைக் கண்காணிக்கிறது. உங்கள் தீயணைப்பானின் உருளை ஏறத்தாழ 3 லிட்டர் கொள்ளளவுடையது. அதைச் சோதனைக்குக் கொடுத்து, சமையலறைக்கு வெளியே மாட்டி வையுங்கள். கை வலிக்கு, குறைந்த விசையுள்ள ஸ்பிரிங் கொண்ட ரைபிள் கிடைக்கும். 10 மீட்டர் தொலைவில் தாளைத் துளைக்க அது தாராளம்.

கேள்வி: கல்லூரி அணியில் 10 மீட்டர் ஏர் ரைபிள் சுடுகிறேன். கிளப்பில் உள்ள ரைபிளின் உருளை சிறியது. நீளமான உருளையை மாட்டிக்கொள்ள அனுமதி உண்டா? இப்போது கரியமில வாயு ரைபிள்களை ஏன் காண முடிவதில்லை?
– வாசகி, சென்னை

பதில்: அனுமதி உண்டு, உங்கள் ரைபிளின் தயாரிப்பாளரே தரும் நீள உருளையாக இருக்க வேண்டும், மொத்த எடை 5.5 கிலோவைத் தாண்டக் கூடாது. 1980களிலும் 90களிலும் ஃபைன்வெர்க்பௌ, வால்தர் போன்ற ஜெர்மானிய நிறுவனங்கள் போட்டிகளுக்குக் கரியமில வாயு ரைபிள்களையும் செய்தன. பத்துப் புள்ளிக்குரிய இடம் வெறும் 0.5 மில்லிமீட்டர் அளவாக இருக்கும் போட்டியில், அரங்கின் வெப்பநிலையோடு ஏறி இறங்கும் அழுத்தத்தை நம்ப முடியவில்லை. 200 பார் காற்றும் துல்லியமான ரெகுலேட்டரும் வந்தபின் அவை மறைந்தன.

நீள உருளை முன்பாரத்தைக் கூட்டும். ஒரு போட்டியின் 60 சுடுதல்களுக்குச் சிறிய உருளையே போதும் என்பதால், பயிற்சிக்கு மட்டும் பெரியதை வைத்துக்கொண்டு போட்டியில் வேறொன்றை மாட்டுவதை நான் பரிந்துரைப்பதில்லை. நிற்கும் சமநிலை மாறிவிடும். அதைவிட, உருளையில் பொறித்திருக்கும் தேதியைப் பாருங்கள். உலகத் துப்பாக்கிச் சுடுதல் சம்மேளன விதிப்படி காற்று உருளையின் ஆயுள் அதிகபட்சம் 10 ஆண்டுகள். அது முடியாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு வீராங்கனையாகிய உங்களுடையது. கிளப் ரைபிள்களில் பழைய உருளைகள் கவனிக்கப்படாமல் கிடப்பது வழக்கம். தேதி கடந்திருந்தால் பயிற்சியாளரிடம் சொல்லி, அதில் காற்று நிரப்புவதை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள்.