ஸ்பின்லாக்குக்குள் கேமல்லாக்: சோதனையில் தேறிய பேட்ச்சை ஏற்கலாமா?

ஒருவர் அனுப்பிய பேட்ச் (கெர்னல் நிரலில் செய்யும் மாற்றம்) இரண்டு நாள் சோதனையில் தேறிவிட்டது, ஏற்கலாமா என்று கேட்கிறீர்கள். ஏற்க வேண்டாம். ஸ்பின்லாக்கை (மற்றச் செயலிகள் சுழன்றபடியே காத்திருக்கும் பூட்டு; பிடித்தவர் உறங்கக்கூடாது) பிடித்திருக்கும்போது, உறங்க, அதாவது செயலியை விட்டுக்கொடுத்துக் காத்திருக்க, அனுமதிக்கும் ஜிஎஃப்பி_கெர்னல் கொடியுடன் கேமல்லாக்கை (நினைவகம் ஒதுக்கும் செயற்கூறு) அழைப்பது, நீங்கள் சொல்வதுபோல் இரண்டு நாள் சோதனையில் ஒன்றும் நிகழாவிட்டாலும், லினக்ஸ் கெர்னலில் பிழைதான்.

சோதனையில் அது தென்படாததற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்: காலி நினைவகம் போதிய அளவு இருக்கும்வரை அந்த அழைப்பு உறங்காமலே திரும்பிவிடும், தட்டுப்பாடு வந்து பக்கங்களை மீட்கத் தொடங்கும்போதுதான் உறங்கக்கூடும், அப்போது அதே பூட்டுக்காக வேறொரு செயலி சுழன்றுகொண்டே நிற்கும்.

உறங்கக்கூடாத இடத்தில் உறங்கக்கூடிய அழைப்பைக் கண்டுபிடிக்கும் கான்ஃபிக்_டீபக்_அட்டாமிக்_ஸ்லீப் அமைப்பை இயக்கிக் கெர்னலைத் திரும்பத் தொகுத்து, அதே சோதனையை ஓட்டிப் பாருங்கள். நினைவகம் தாராளமாக இருந்தாலும் டிமெஸ்கில் (கெர்னலின் செய்திப் பதிவு) எச்சரிக்கை பதிவாகும்.

பேட்ச்சை எழுதியவர் அடுத்து, உறங்காமல் ஒதுக்கச் சொல்லும் ஜிஎஃப்பி_அட்டாமிக் என்று கொடியை மாற்றி அனுப்பக்கூடும் (முதலில் எல்லோருக்கும் தோன்றுவது அதுதான்). எச்சரிக்கை மறையும், ஆனால் அந்த ஒதுக்கீடு அவசரச் சேமிப்பைத் தொடும், எளிதில் தோற்கவும் செய்யும். ஒதுக்கீட்டைப் பூட்டுக்கு முன்பே செய்யச் சொல்வது நல்லது.

அப்படி நகர்த்தினால், பூட்டைப் பிடித்தபின் அந்த நினைவகம் இன்னும் தேவையா என்று மறுபடி சரிபார்க்க வேண்டும். வேறொரு இழை முந்தியிருந்தால், ஒதுக்கியதைப் பூட்டை விட்டபின் விடுவிக்க வேண்டும். கேமல்லாக்குக்குப் பதில் கேவிமல்லாக் (மற்றொரு ஒதுக்கீட்டுச் செயற்கூறு) பயன்பட்டிருந்தால் இந்த வரிசை கட்டாயம், ஏனெனில் அதை விடுவிக்கும் கேவிஃப்ரீயும் உறங்கக்கூடியது.