வாசிப்பு வகுப்பும் காய்கறித் தோட்டமும்: மானியம் கேட்குமுன்

கேள்வி: தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வர்த்தில் எங்கள் மாதர் குழு சனிக்கிழமைதோறும் கோயில் மண்டபத்தில் 30 பிள்ளைகளுக்கு வாசிப்பு வகுப்பு நடத்துகிறது. பக்கத்துப் பள்ளியின் காலி நிலத்தில் காய்கறித் தோட்டமும் போட ஆசை. மானியத்துக்கு எங்கே தொடங்குவது?

பதில்: பணம் யார் பெயரில் வரும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். செயலாளரின் சொந்தக் கணக்கில் யாரும் மானியம் போடமாட்டார்கள். கோயில் ஏற்கெனவே என்.பி.ஓ.வாக, அதாவது லாப நோக்கற்ற அமைப்பாக, பதிவாகியிருந்தால், நிர்வாகக் குழுவின் தீர்மானத்தோடு அதன் பெயரில் கேட்பதுதான் குறுக்கு வழி. இந்தப் பணத்துக்கு மட்டும் தனி வங்கிக் கணக்கு வேண்டும். ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள்: நிதியாண்டு முடிந்த ஒன்பது மாதத்துக்குள் சமூக மேம்பாட்டுத் துறைக்குக் கோயிலின் ஆண்டறிக்கை போயிருக்க வேண்டும். அதை விட்ட கோயில்கள் உண்டு.

தனியாகப் பதிவதானால், 1997ஆம் ஆண்டு என்.பி.ஓ. சட்டப்படி அதே துறையில் பதிய வேண்டும். அமைப்பு விதிகளில் இரண்டு வரி விட்டுப்போனால் விண்ணப்பம் திரும்பி வரும்: வருமானத்தை உறுப்பினர்கள் பங்கிடக் கூடாது, அமைப்பு கலைந்தால் மீதிச் சொத்து இதே நோக்கமுள்ள வேறு என்.பி.ஓ.வுக்குப் போகும். பதிவுக்கும் சரி, மானியம் தரும் தேசிய லாட்டரி ஆணையத்தில் விண்ணப்பிக்கவும் சரி, கட்டணம் கிடையாது. 'முடித்துத் தருகிறேன்' என்று பங்கு கேட்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

தோட்டத்துக்குத் தலைமையாசிரியரின் வாய்ச்சொல் போதாது. அவர் மாற்றலாகிப் போவார். பள்ளியின் நிர்வாகக் குழுவான கவர்னிங் பாடியின் கடிதம் வேண்டும்: எத்தனை ஆண்டு, எந்த மூலை, தண்ணீர்க் கட்டணம் யார் தலையில், விடுமுறையில் கேட் சாவி யாரிடம்.

பட்ஜெட் சறுக்குவது பெரும்பாலும் தண்ணீரில். 6 மீட்டர் நீளம், 1.2 மீட்டர் அகலத்தில் பத்துப் பாத்தி போட்டால் 72 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு நாளுக்கு 5 லிட்டர் வைத்தால் 360 லிட்டர். 5,000 லிட்டர் தொட்டி இரண்டு வாரம்கூடத் தாங்காது. 50 சதுர மீட்டர் கூரையில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் அதிகபட்சம் 500 லிட்டர்தான் சேரும். டர்பனில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை அந்த மழையும் அரிது. ஆகவே தொட்டியோடு குழாய்த் தண்ணீருக்கும் தொகை எழுதுங்கள். பாத்திகளில் 5 சென்டிமீட்டர் கம்போஸ்ட் பரப்ப 3.6 கன மீட்டர் வேண்டும். அதற்கு வண்டிக்கூலி தனி.

வகுப்புக்கு வேறு பட்ஜெட், வேறு இலக்கு. நாட்டின் நான்காம் வகுப்புப் பிள்ளைகளில் 81 சதவீதம் பேர் படித்ததன் பொருள் புரியாமலே வாசிக்கிறார்கள் என்ற 2021 பிர்ல்ஸ் (சர்வதேச வாசிப்புத் திறன் ஆய்வு) கணக்கை எல்லோரும் எழுதுகிறார்கள். விண்ணப்பங்களைப் படிப்பவருக்கு அது மனப்பாடம். உங்கள் 30 பேரும் ஒரு நிமிடத்தில் எத்தனை சொற்களைப் பிழையில்லாமல் வாசிக்கிறார்கள் என்று தொடக்கத்திலேயே குறித்து, அதைக் கொடுங்கள். ஆறு மாதம் கழித்து அதே தரத்துப் பத்தியால் மறுபடி அளக்கலாம்.

கடைக்காரர்களிடம் பணத்தைவிட வேலிக்கம்பி, நாற்று, நோட்டுப் புத்தகம் கேட்பது எளிது. வரித்துறையான சார்ஸிடம், நன்கொடைக்கு வரிக்கழிவு தரும் 18ஏ பிரிவின் அங்கீகாரம் இருந்தால் பொருளாகத் தந்ததற்கும் ரசீது கொடுக்கலாம்; வரிக்கழிவு கிடைக்கும் என்றால் அடுத்த வருடமும் தருவார்கள்.