கம்பெனி மெம்பர்ஷிப் இல்லாம இன்டர்நெட் ஸ்டாண்டர்ட்ஸ் (எல்லாரும் பின்பற்றுற தொழில்நுட்ப விதிகள்) எழுதுற வேலைல நுழைய முடியுமா?

முடியும், இன்டர்நெட் புரோட்டோகால்களுக்கு ஸ்டாண்டர்ட்ஸ் எழுதுற ஐஇடிஎஃப்ல (IETF) மெம்பர்ஷிப்னு ஒண்ணே கிடையாது, மெயிலிங் லிஸ்ட்ல சேர்ந்து எழுத ஆரம்பிச்சா நீங்களும் ஒரு ஆள்தான்.

பிரைவசில பிஎச்டி முடிச்சும் "எந்த நிறுவனம்"னு கேட்டு ஃபார்ம் நிக்குதுன்னீங்களே, அனேகமா வெப்புக்கு ஸ்டாண்டர்ட்ஸ் எழுதுற டபிள்யூ3சி (W3C) வொர்க்கிங் குரூப்ல போய் மாட்டிருக்கீங்க. அங்க மெம்பர் நிறுவனத்து ஆளா இருக்கணும், இல்ல இன்வைட்டட் எக்ஸ்பர்ட்டா எடுக்கணும். பக்கத்துலயே கம்யூனிட்டி குரூப்னு இருக்கும், அது யாருக்கும் ஓப்பன், காசும் இல்ல. நீங்க திறந்த பக்கம் எதுன்னு ஒருதடவ பாத்துடுங்க.

அப்புறம் 2013ல வந்த ஆர்எஃப்சி 6973 (ஆர்எஃப்சினா ஐஇடிஎஃப் வெளியிடுற ஆவணம், இது புரோட்டோகால்ல பிரைவசிய எப்படி யோசிக்கணும்னு சொல்றது) படிச்சுட்டு, ஆன்லைன் அடையாளம் பத்தின ஏதாவது ஒரு ஐஇடிஎஃப் டிராஃப்ட (இன்னும் முடிவாகாத வரைவு) எடுத்து, ஒரே கிரெடென்ஷியல (டிஜிட்டல் அடையாளச் சான்ற) ரெண்டு சைட்ல காட்டினா ரெண்டும் ஒரே ஆளுதான்னு கண்டுபிடிச்சிட முடியுமான்னு பாத்து லிஸ்ட்ல எழுதுங்க. இத பொறுமையா பண்ற ஆளுங்க கம்மி, பேப்பர் எண்ணிக்கைய விட இதான் அங்க பேர் வாங்கித் தரும்னு நான் நினைக்கிறேன்.

ஒண்ணு மட்டும், டிராஃப்ட யார் வேணா போடலாம், 6 மாசத்துல காலாவதி ஆயிடும், உங்க பயோடேட்டால அத ஆர்எஃப்சி மாதிரி காட்டிடாதீங்க. நீங்க சொல்ற ஐடியாவுக்கு உங்க பேர்லயோ வேலை பாக்குற இடத்து பேர்லயோ பேட்டன்ட் இருந்தா அதையும் ஐஇடிஎஃப்ல சொல்லியாகணும்.