ஆடுவதும் ஆக்குவதும்: வாசகர் கேள்வி பதில்

கணினி விளையாட்டுகளால் பிள்ளைகள் கெடுகிறார்களா, எதையாவது கற்றுக்கொள்கிறார்களா என்று கேட்டு தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நட்டால் மாகாணத்தின் பல ஊர்களிலிருந்தும் கடிதங்கள் வந்திருக்கின்றன. அவற்றுள் நான்கை இம்மாதம் எடுத்துக்கொண்டேன். இளையவர்கள் இருவர் ஆங்கிலத்தில் எழுதியிருந்ததைத் தமிழில் தந்திருக்கிறேன். அனைவரின் பெயரையும் நீக்கியிருக்கிறேன்.

கேள்வி: மூலைக்கடைகளில் காசு போட்டு ஆடும் பெட்டிகள் வந்த நாளிலிருந்தே இந்த விளையாட்டுகளைப் பார்த்துவருகிறேன். வகுப்பில் இருக்கவேண்டிய பிள்ளைகள் அந்தப் பெட்டியின் முன் நின்றதைத்தான் கண்டிருக்கிறேன். வாழ்க்கைக்கும் தொழிலுக்கும் உதவும் பாடம் ஏதேனும் இவற்றில் உண்டு என்று உண்மையாகவே நம்புகிறீர்களா?
(ஓய்வுபெற்ற ஆசிரியர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

பதில்: நம்புகிறேன் ஐயா. ஆனால் இளைஞர்கள் சொல்லிக்கொள்ளும் அளவுக்கு நம்பவில்லை. ஒரு விளையாட்டில் ஒருவர் பெறும் தேர்ச்சி பெரும்பாலும் அந்த விளையாட்டோடும் அதை ஒத்த சிலவற்றோடும் நின்றுவிடுகிறது. திரையில் கார்ப் பந்தயம் வெல்கிற பையன் அதனாலேயே என்2 நெடுஞ்சாலையில் நல்ல ஓட்டுநராகிவிட மாட்டான்.

விளையாட்டு நன்றாகக் கற்றுத்தருவது தோல்வியைக் கையாளும் முறையை. 1985இல் நின்டெண்டோ நிறுவனம் வெளியிட்ட 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' விளையாட்டின் தொடக்கத்தை ஒருமுறை கவனித்துப் பாருங்கள். எப்படி ஆடவேண்டும் என்று எழுத்தில் ஒரு குறிப்பும் கிடையாது. மாரியோ திரையின் இடப்பக்கத்தில் நிற்கிறான். வலப்பக்கம் திறந்து கிடப்பதால் ஆடுபவர் தாமாகவே அவனை அந்தப் பக்கம் நடத்துகிறார். சில அடிகளில் எதிரி ஒன்று வருகிறது, அதன்மேல் மோதினால் உயிர் போகிறது, ஆனால் இழந்தது சில வினாடிகள்தான் என்பதால் உடனே திரும்பவும் தொடங்கி, இம்முறை குதித்துப் பார்க்கத் தோன்றுகிறது. அதற்கு அப்பால் கேள்விக்குறி போட்ட பெட்டியை முட்டினால் ஒரு காளான் வெளிவந்து, வலப்பக்கம் நகர்ந்து, குழாயில் மோதித் திரும்பி, ஆடுபவரை நோக்கியே வருகிறது. எதிரி என்று பயந்து ஒதுங்க முயன்றாலும் பெரும்பாலும் அதைத் தொட்டுவிட நேர்கிறது. தொட்டதும் மாரியோ பெரிதாகிறான். அதை வடிவமைத்த ஷிகேரு மியாமோட்டோவும் அவருடைய குழுவினரும் ஒவ்வொன்றையும் யோசித்தே அந்த இடத்தில் வைத்தார்கள். தவறு செய்த மறுகணமே எது தவறு என்று தெரிகிறது, மறுபடி முயல எந்த வெட்கமும் தடையாக இல்லை. நம் பள்ளிகளில் பிழை செய்த மாணவனுக்கு அது பிழையென்று தெரிவதற்குள் சில வாரங்கள் கழிந்துவிடுகின்றன, தெரியும்போது அது ஒரு மதிப்பெண்ணாக மட்டுமே வந்துசேர்கிறது என்பதைத் தாங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள்.

இதற்கு ஓர் எல்லை உண்டு, அதை மறைக்கக் கூடாது. விளையாட்டின் உலகம், ஆடுபவர் இறுதியில் வெல்ல வேண்டும் என்று விரும்பிய ஒருவர் கட்டிய உலகம். வேலைக்கு விண்ணப்பம் மேல் விண்ணப்பமாக அனுப்பி, ஒன்றுக்கும் மறுமொழி வராமல் வீட்டில் உட்கார்ந்திருக்கும் நம் பிள்ளைகளுக்கு எங்கே தவறினோம் என்று சொல்ல ஒருவரும் இல்லை. ஆட்டத்தில் மட்டுமே பழகிய பையனுக்கு அந்த மௌனம் பெரிய அடியாக விழும். அதனால்தான் விளையாட்டைச் செய்து பார்ப்பதை நான் மேலாகக் கருதுகிறேன். செய்பவருக்கு யாரும் பாதை போட்டு வைப்பதில்லை.

தாங்கள் சொன்ன காசுப் பெட்டிகளிலேயே இதற்கு ஒரு சான்று இருக்கிறது. 1978இல் டொமோஹிரோ நிஷிகாடோ ஜப்பானில் 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' விளையாட்டை உருவாக்கியபோது, அக்காலக் கணினிச் சில்லால் திரை நிறைந்த எதிரிகளை விரைவாக நகர்த்த முடியவில்லை. சுடப்பட்டு அவர்கள் குறையக் குறையச் சில்லின் சுமை குறைந்து, மிஞ்சியவர்கள் மேலும் மேலும் வேகமாக வந்தார்கள். ஆட்டத்தின் பரபரப்பே அதில்தான் இருக்கிறது என்று கண்டு, அவர் அதைத் திருத்தாமல் வைத்துக்கொண்டார்.

கேள்வி: நானும் என் சித்தப்பா மகன்கள் இருவரும் மூன்று ஆண்டுகளாக ஒரு விளையாட்டைச் செய்துவருகிறோம். பழைய சர்க்கரை ஆலைக்குள் குதித்துக் குதித்துக் கடந்துபோகும் ஆட்டம். பகலில் உம்லாங்காவில் ஓர் அழைப்பு மையத்தில் வேலை பார்க்கிறேன், இரவில்தான் இது. உறவினர்களிடம் ஆடக் கொடுத்தால், பொத்தானை அழுத்தியும் குதிக்கவில்லை என்கிறார்கள். எங்கள் மூவருக்கும் அப்படி ஆவதே இல்லை. அவர்களுக்கு ஆடத் தெரியவில்லை என்றே நினைக்கிறோம். புதிது புதிதாக ஏதாவது சேர்த்துக்கொண்டே போகிறோம், முடிவு மட்டும் வரவில்லை. விட்டுவிடலாமா?
(ஃபீனிக்ஸ் இளைஞர்)

பதில்: தம்பி, விடவேண்டாம். ஆனால் உங்கள் அத்தையும் மாமாவும் சொல்வதை முதலில் நம்புங்கள்.

விளையாட்டுகள் பலவும் வினாடிக்கு 60 முறை திரையைப் புதுப்பிக்கின்றன (ஒவ்வொரு புதுப்பிப்பையும் இங்கே ஒரு திரை என்கிறேன்). ஆடுபவர் விளிம்பு வரை ஓடி, கடைசிக் கணத்தில் பொத்தானை அழுத்துகிறார். அவர் கண்ணுக்குக் கால் இன்னும் தரையில் இருக்கிறது; கணினியின் கணக்கிலோ இரண்டு மூன்று திரைகளுக்கு முன்பே கால் தரையை விட்டுவிட்டது. கணினி சொல்வது சரி, ஆனாலும் ஆடுபவர் ஏமாற்றப்பட்டதாகவே உணர்கிறார். ஆகவே விளிம்பைத் தாண்டிய பிறகும் ஏறத்தாழ ஆறு திரைகள் வரை, அதாவது வினாடியில் பத்தில் ஒரு பங்கு நேரம், குதிக்க அனுமதி கொடுப்பது இத்தொழிலில் வழக்கம். 'கொயோட்டி டைம்' என்பார்கள். அதேபோலத் தரையைத் தொடுவதற்குச் சற்று முன்பே பொத்தானை அழுத்தியிருந்தால், அதை நினைவில் வைத்திருந்து தொட்டவுடன் குதிக்கச் செய்வதும் உண்டு. 2018இல் வெளியான 'செலஸ்ட்' மிகக் கடினமான விளையாட்டு என்று பெயர் பெற்றது. அதில் இவ்விரண்டும் இருக்கின்றன. உங்கள் மூவருக்கும் சிக்கல் வராததற்குக் காரணம், மூன்று ஆண்டுகளில் உங்கள் விரல்கள் அந்தக் கணக்குக்குப் பழகிவிட்டதுதான்.

ஆடுபவர் சொல்லும் காரணம் தவறாக இருக்கலாம். 'பொத்தான் கெட்டுவிட்டது' என்பார், பொத்தான் கெட்டிருக்காது. ஆனால் அவர் உணர்ந்த இடைஞ்சல் மெய்யானது, அதன் மூலத்தைத் தேடுவது செய்தவரின் வேலை. பகலில் உங்களை அழைக்கிறவர்களை எண்ணிப் பாருங்கள். ஒரே படிவத்தில் ஒரே கட்டத்தைப் பலரும் தவறாக நிரப்பிவிட்டு அழைக்கிறார்கள் என்றால், தவறு அந்தப் படிவத்தில் இருக்க வாய்ப்பு அதிகம். இதைத் தெரிந்த ஊழியர் எந்த அலுவலகத்திலும் மதிக்கத்தக்கவர்.

அடுத்த முறை அத்தையிடம் ஆடக் கொடுக்கும்போது அவருக்குப் பின்னால் உட்கார்ந்து, வாய் திறக்காமல், கையில் ஒரு தாளும் பேனாவும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். எங்கே தயங்குகிறார், எந்தப் படத்தைக் கதவென்று நினைத்து முட்டுகிறார், எப்போது பெருமூச்சு விடுகிறார் என்று குறியுங்கள். 'அந்தப் பக்கம் போங்கள் அத்தை' என்று நீங்கள் சொன்ன கணமே சோதனை கெட்டுவிடும், ஏனெனில் விளையாட்டை வாங்கும் ஒவ்வொருவர் வீட்டிலும் நீங்கள் போய் நின்று வழி சொல்லப் போவதில்லை. தாம் உழைத்துச் செய்த ஒன்று பிறர் கையில் தடுமாறுவதைப் பேசாமல் பார்த்துக்கொண்டிருப்பது கடினம். அந்தப் பழக்கத்தை இவ்வளவு சீக்கிரமாகக் கற்றுத்தரும் தொழில் வேறு ஏதும் எனக்குத் தெரியவில்லை.

முடிக்க முடியவில்லை என்பது வேறு நோய், அதற்கு மருந்து நம் நாட்டிலேயே இருக்கிறது. கேப் டவுனிலுள்ள ஃப்ரீ லைவ்ஸ் குழுவினரின் 'ப்ரோஃபோர்ஸ்' 2012இல் 'லூடம் டேர்' என்னும் போட்டிக்காகச் செய்யப்பட்ட சிறு முன்மாதிரியிலிருந்து வளர்ந்தது. கொடுத்த தலைப்பில், ஒரு வார இறுதிக்குள், ஆடக்கூடிய ஒன்றைச் செய்து முடிப்பதுதான் அந்தப் போட்டி. முன்மாதிரி மக்களுக்குப் பிடித்திருக்கிறது என்று தெரிந்த பிறகே அதை விரித்து, 2015இல் முழுமையாக வெளியிட்டார்கள். நான் சொன்ன 'செலஸ்ட்'டும் இருவர் நான்கே நாள்களில் செய்த சிறு விளையாட்டிலிருந்து வளர்ந்ததுதான். நீங்கள் வழியைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறீர்கள். பெரிதாகத் தொடங்கியதால், எது இந்த விளையாட்டின் உயிர், எது ஒட்டுவேலை என்று உங்களுக்கே தெரியவில்லை.

ஃப்ரீ லைவ்ஸ் குழுவினர் 2023இல் வெளியிட்ட 'டெரா நில்' விளையாட்டையும் ஆடிப் பாருங்கள். பாழ்நிலத்தில் இயந்திரங்களை நட்டு, புல்லும் ஆறும் காடும் விலங்குகளும் திரும்பிவரச் செய்து, கடைசியில் நட்ட இயந்திரங்கள் அனைத்தையும் பிரித்து எடுத்துக்கொண்டு அந்த இடத்தைவிட்டுப் போய்விட வேண்டும். பொதுவாக இவ்வகை விளையாட்டுகளில் கட்டிடம் பெருகினால் வெற்றி. இதில் ஒன்றுகூட மிஞ்சாதபோதுதான் வேலை முடிகிறது. உங்கள் ஆலையில் உள்ள கட்டங்களில் எவற்றை எடுத்துவிட்டாலும் ஆட்டம் குறையாது என்று மூவரும் தனித்தனியாகப் பட்டியல் எழுதுங்கள். மூன்று பட்டியலிலும் இருப்பவற்றை அன்றே நீக்குங்கள். நீக்கும்போது மனம் வலிக்கும்; அந்த வலிக்காக ஒன்றையும் திரும்பச் சேர்க்காதீர்கள்.

அதற்காக அவசரப்பட்டு வெளியிடவும் வேண்டாம். 1982இல் அட்டாரி நிறுவனம் 'ஈ.டி.' விளையாட்டைக் கிறிஸ்துமஸ் விற்பனைக்குள் கொண்டுவர வேண்டும் என்று, செய்பவருக்கு ஏறத்தாழ ஐந்து வாரங்களே கொடுத்தது. ஆடியவர்கள் குழிக்குள் விழுந்து விழுந்து சலித்தார்கள். விற்காத பெட்டிகள் நியூ மெக்சிகோவில் புதைக்கப்பட்டு, 2014இல் தோண்டி எடுக்கப்பட்டன.

இறுதியாக ஒன்று. நீங்கள் உறவினர்கள். பணம் வந்தால் எப்படிப் பங்கு, யார் பெயர் முதலில், ஒருவர் விலகினால் அவர் எழுதிய கணினி நிரல் யாருக்கு என்பவற்றை இன்னும் எழுதி வைத்திருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். ஒரு ரேண்ட்கூட வராத இப்போதே எழுதிக் கையொப்பமிடுங்கள். பணம் வந்த பிறகு பேசினால் அது குடும்பச் சண்டையாகிவிடும்.

கேள்வி: என் மகன் பதினோராம் வகுப்பு. பள்ளி விட்டு வந்தால் இரவு வரை விளையாட்டுதான். கேட்டால், 'இதில் நான் கற்கிறேன் அம்மா' என்கிறான். சாப்பிடக் கூப்பிட்டாலும் வருவதில்லை. அடுத்த ஆண்டு மேட்ரிக் (பன்னிரண்டாம் வகுப்பு இறுதித் தேர்வு). பிடுங்கி வைத்துவிடட்டுமா?
(ஒரு தாய், சாட்ஸ்வொர்த்)

பதில்: பிடுங்கி வைத்தால் அவன் நண்பன் வீட்டுக்குப் போவான் அம்மா. முதலில் அவன் எதை ஆடுகிறான் என்று தெரிந்துகொள்ளுங்கள். இணையத்தில் பிறரோடு சேர்ந்து ஆடும் ஆட்டங்களை நடுவில் நிறுத்த முடியாது. எழுந்துபோனால் உடன் ஆடுபவர்கள் தோற்பார்கள். ஆகவே, 'இந்த ஆட்டம் முடிந்ததும் வா, அடுத்ததைத் தொடங்காதே' என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டால், சாப்பாட்டு வேளைச் சண்டையில் பாதி தீரும். பக்கத்தில் உட்கார்ந்து, இதில் என்ன கற்கிறாய் என்று விளக்கச் சொல்லுங்கள். உண்மையாகவே கற்கிறவனுக்கு அதைச் சொல்லத் தெரியும்.

காசு கொடுத்து, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத பெட்டியைத் திறக்கும் ஏற்பாடு அவன் ஆடுவதில் இருந்தால் மட்டும் கண்டிப்பாக இருங்கள். அது சூதாட்டச் சட்டத்துக்குள் வரும் என்று 2018இல் பெல்ஜியம் முடிவு செய்தது. உங்கள் வங்கி அட்டை அந்தக் கணக்கில் இருந்தால் இன்றே நீக்குங்கள்.

விளையாட்டு அடிமைத்தனத்தை உலக சுகாதார நிறுவனம் தன் நோய்ப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. 2022 ஜனவரி முதல் அது நடைமுறையில் உள்ளது. நிறுத்த நினைத்தும் நிறுத்த முடியாமை, மற்ற எல்லாவற்றுக்கும் மேலாக விளையாட்டை வைத்தல், கெடுதல் தெரிந்தும் தொடர்தல் ஆகியவை பொதுவாக ஓராண்டு நீடித்து, படிப்பையோ உறவையோ வெகுவாகப் பாதித்தால் மட்டுமே அந்தப் பெயர் பொருந்தும். அந்த அறிகுறிகள் தெரிந்தால் மருத்துவரிடம் அழைத்துச் செல்லத் தயங்காதீர்கள். இல்லையென்றால், அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் உருவான 'ஸ்கிராட்ச்' போன்ற இலவச மென்பொருளில் சிறு விளையாட்டு ஒன்றைச் செய்து காட்டும்படி கேளுங்கள். ஒரு பந்து சுவரில் மோதித் திரும்புவதற்கே எவ்வளவு கணக்கு வேண்டியிருக்கிறது என்று அவனே காண்பான்.

கேள்வி: நான் ஒன்பதாம் வகுப்பு மாணவி. விளையாட்டு செய்யும் தொழிலுக்குப் போக விருப்பம். அப்பா கணக்கியல் எடுக்கச் சொல்கிறார். பத்தாம் வகுப்புக்கு என்ன பாடங்களைத் தேர்வது?
(டோங்காட்)

பதில்: மகளே, மொழிகளையும் வாழ்க்கைநெறிப் பாடத்தையும் தவிர, கணிதமா கணித எழுத்தறிவா (அன்றாடக் கணக்குகளுக்கான எளிய பாடம்) என்பதையும் விருப்பப் பாடங்கள் மூன்றையும் நீ தேர்கிறாய். முழுக் கணிதத்தை எடுத்துக்கொள். பிறகு எளிதானதற்கு இறங்கலாம், எளிதானதிலிருந்து மேலே ஏறுவது மிகக் கடினம். நிரல் எழுதக் கற்றுத்தரும் தகவல் தொழில்நுட்பப் பாடம் உன் பள்ளியில் இருந்தால் அதை எடு. சில பள்ளிகளில் அது இல்லை, கணினிப் பயன்பாட்டுப் பாடம் மட்டுமே இருக்கும். அது வேறு, அதில் நிரலாக்கம் கிடையாது. ஓவியத்தில் நாட்டமிருந்தால் கலைப் பாடமும் வீணாகாது: ஜோகன்னஸ்பர்கின் விட்ஸ் பல்கலைக்கழகத்தில் கலைப் பிரிவிலிருந்தும் பொறியியல் பிரிவிலிருந்தும் விளையாட்டு வடிவமைப்புக்கு வரலாம்.

அப்பா சொல்வதையும் ஏற்றுக்கொள். நம் நாட்டில் விளையாட்டு செய்பவர்கள் பெரும்பாலும் சிறு குழுக்கள். ஒரு விளையாட்டு விற்கத் தொடங்கும் வரை கையிருப்பு எத்தனை மாதச் சம்பளத்துக்குத் தாங்கும் என்று கணக்குப் போடத் தெரிந்தவர் ஒருவர் அங்கே இருந்தே ஆகவேண்டும். மூன்று விருப்பப் பாடங்களில் ஒன்று கணக்கியலாக இருந்தால் மற்ற இரண்டுக்கும் இடம் இருக்கிறது. அப்பாவோடு உட்கார்ந்து, உன் பள்ளி தரும் பாடப் பட்டியலை வைத்துக்கொண்டு பேசு.