மணியைத் திருப்பிப் போடும் வேளை

வணக்கம் ஐயா,

எங்கள் நாட்டு நாய் மணிக்கு ஒன்பது வயது. நான்கு மாதம் முன்பு பைக் மோதியதில் பின்னங்கால் இரண்டும் விழுந்துவிட்டன. அம்மா ராத்திரியில் இரண்டு முறை எழுந்து அதைத் திருப்பிப் போடுகிறார். சித்தி மகள் கல்யாணத்துக்குக்கூடப் போகவில்லை. "ஒரு நாய்க்காகவா?" என்று சொந்தக்காரர்கள் முகத்துக்கு நேராகவே கேட்கிறார்கள். அம்மா செய்வது அதிகப்படியா?

– ச., பாலக்கோடு

அன்புள்ள ச.,

இல்லை. இதை முதலில் அம்மாவிடம் சொல்லிவிடுங்கள்.

கேட்பவர்களுக்கு அந்த வேலை தெரியாது. சில மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றாவிட்டால் இடுப்பெலும்பு அழுத்தும் இடத்தில் புண் வந்துவிடும். இப்படிக் கால் விழுந்த பல நாய்களுக்குச் சிறுநீர் தானாகப் போகாது; ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை வயிற்றை அமுக்கி எடுக்க வேண்டும். தேங்கினால் கிருமி பிடிக்கும். கல்யாண நாள் என்று இதைத் தள்ளிப்போட முடியாது.

எங்கள் நாய்க்குட்டிக்கு பார்வோ என்ற வைரஸ் நோய் வந்தபோது என் மனைவி கம்மலை அடகு வைத்தார். அந்த வைரஸைக் கொல்ல நேரடி மருந்து கிடையாது. சலைன் ஏற்றி, வாந்தியை நிறுத்தி, உடம்பு தானே போராடி ஜெயிக்கும்வரை தாங்கிப் பிடிப்பதுதான் வைத்தியம். ஊசி கழன்றுவிடாமல் அதன் முன்னங்காலை விடிய விடியப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சில்லிட்டுக் கிடந்த கால். விடிகாலையில் என்னை எழுப்பி, "பாதத்துல சூடு வந்துடுச்சு, தொட்டுப் பாருங்க" என்றார். கம்மலை மீட்க ஒன்றரை வருஷம் ஆனது. ஒருநாள்கூட அவர் அதற்காக வருந்தியதில்லை.

நம் தர்மபுரிக்குப் பக்கத்தில்தான் செங்கம். அந்தப் பகுதி எடுத்தனூரில் கிடைத்த நடுகல், மகேந்திரவர்மப் பல்லவன் காலத்தது. மாடு மீட்கும் சண்டையில் இறந்த வீரனோடு அவன் நாயையும் செதுக்கியிருக்கிறார்கள். கோவிவன் என்ற அந்த நாய் இரண்டு கள்ளரைக் கடித்துக் காத்து நின்றது என்று பெயர் சொல்லியே கல்லில் வெட்டிவைத்தார்கள். நாய்க்காகவா என்று கேட்கிற சொந்தக்காரர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

சரி, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். சிறுநீர் எடுக்க உங்களுக்குத் தெரியுமா? டாக்டரை நேரில் செய்துகாட்டச் சொல்லிப் பழகிக்கொள்ளுங்கள். தெரியாமல் அமுக்கினால் அதற்கு வலிக்கும். பழகிய பிறகு வாரத்தில் இரண்டு ராத்திரியாவது நீங்கள் எழுந்திருங்கள், அம்மா தூங்கட்டும்.

அப்புறம், மணி நன்றாகச் சாப்பிடுகிறதா என்று எழுதவே இல்லையே?